காவலர், சிறைக்காவலர் பயிற்சி: எந்த விதியில் சறுக்கினால் வீட்டுக்கு அனுப்புவார்கள்?

புதுபூட்ஸ்:

வணக்கம். இன்னும் எட்டு வாரத்தில் நான் சிறைக்காவலர் பயிற்சியில் சேர வேண்டும். தங்கை அதே மாதம் காவலர் பயிற்சிக்குப் போகிறாள். இருவர் கையிலும் ஆளுக்கொரு விதிமுறைப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். முடி எவ்வளவு நீளம் இருக்கலாம், படுக்கை விரிப்பை எப்படி மடிக்க வேண்டும், அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும், அறையில் எதையெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எதை மீறினால் ஒரு தண்டனையோடு விடுவார்கள், எதை மீறினால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்பதுதான் அதில் விளங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த எட்டு வாரத்தில் உடம்பை எப்படித் தயார் செய்வது? ஆய்வு அணிவகுப்பில் பெரும்பாலானவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? சிறைப் பயிற்சிக்கென்று தனியாக ஏதாவது பழக வேண்டுமா? பயிற்றுநர் சொல்வது தவறாகத் தோன்றினால் மறுக்க உரிமை உண்டா? துறையைத் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்வரிசை:

தம்பி, புத்தகத்தில் எல்லா விதியும் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருக்கும். பயிற்றுநர் கணக்கில் அவற்றின் எடை வேறு வேறு. பூட்ஸ் மங்கியிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள், வார விடுப்பை வெட்டுவார்கள், அத்தோடு சரி. பொய் சொன்னால் அப்படி முடியாது.

பயிற்சியை இழப்பவர்களில் பலர் பெரிய குற்றம் செய்தவர்கள் அல்லர். "ராத்திரி லாக்கரைப் பூட்டினாயா?" என்று கேட்டால், பூட்டாதவர் பயத்தில் "பூட்டினேன் சார்" என்று சொல்லிவிடுவார். பூட்டாதது பத்து நிமிட தண்டனைக்குரிய தவறு. பூட்டினேன் என்றது நேர்மைக் குற்றம். இதை ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறார்கள் என்றால், காவலரோ சிறைக்காவலரோ நாளைக்கு நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியவர். அலுவல் விஷயத்தில் பொய் சொன்னார் என்று கோப்பில் ஒரு வரி இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு வழக்கிலும் அந்த வரியை எடுத்து நீட்டலாம். ஆகவே கேள்வி வந்ததும் வாயில் முதலில் வருவது உண்மையாக இருக்கட்டும்: "பூட்டவில்லை சார்." காரணம் கேட்டால் மட்டும் காரணம். தெரியாததைக் கேட்டால், "தெரியாது சார், கேட்டுச் சொல்கிறேன்" போதும். ஊகித்துச் சொல்வதும் பொய்யின் கணக்கிலேயே போய்ச் சேரும்.

இதே எடையுள்ள மற்றவை: தேர்வில் பார்த்து எழுதுவது, விண்ணப்பத்தில் பழைய வழக்கையோ நோயையோ மறைத்தது, கூடப் பயிற்சி பெறுபவரைத் துன்புறுத்துவது, குடித்துவிட்டு வருவது, துப்பாக்கியை மனிதர் பக்கம் திருப்புவது, வளாகத்துக்குள் எடுத்த படத்தை வலைத்தளத்தில் போடுவது. கடைசியில் சொன்னதை இளைஞர்கள் விளையாட்டாக நினைக்கிறார்கள். உங்கள் முகத்துக்குப் பின்னால் ஆயுத அறைக் கதவும் காவல் மாற்ற நேர அட்டவணையும் தெரிந்தால் அது பாதுகாப்பு மீறல்.

நேரம்: ஆறு மணி என்றால் ஐந்து ஐம்பதுக்கு வரிசையில் இருக்க வேண்டும். பணியில் உங்களுக்காகக் காத்திருப்பவர் நீங்கள் வந்து பொறுப்பேற்கும்வரை இடத்தை விட்டு நகர முடியாது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே ஊட்டுகிறார்கள்.

ஆய்வில் மாட்டும் இடங்களைச் சொல்கிறேன். சட்டையின் பொத்தான் ஓரம், பெல்ட் கொக்கியின் ஓரம், கால்சட்டை முன்பட்டியின் ஓரம் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கண்ணாடி முன் நிற்கும்போது சரியாக இருக்கும், நாலு எட்டு நடந்ததும் விலகிவிடும். சட்டையை உள்ளே விட்டபின் இரண்டு பக்கத் தையலையும் விரலால் பிடித்து, மிகுதித் துணியைப் பின்புறமாக மடித்து, அதன்மேல் பெல்ட்டை இறுக்கினால் நாள் முழுவதும் நிற்கும். தொங்கும் நூலைத் தீக்குச்சியால் கருக்காதீர்கள். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு முடிச்சாகும், ஆய்வாளர் கண் முதலில் அங்கேதான் போகும். சிறு கத்தரியால் நறுக்குங்கள்.

பூட்ஸ். முதலில் தூசியை முழுக்கத் தட்டுங்கள், அடித்தோலும் மேல்தோலும் சேரும் தையல் பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். தூசி மேல் பாலிஷ் போட்டால் மணற்காகிதத்தால் தேய்த்த மாதிரி கீறல் விழும். பாலிஷை மெல்லிய பூச்சாகத் தடவிப் பத்து நிமிடம் உலர விடுங்கள். பிறகு மென்மையான பருத்தித் துணியை விரலில் இறுக்கச் சுற்றி, நுனியில் துளி பாலிஷும் ஒரு சொட்டுத் தண்ணீரும் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் மங்கலாகும், பிறகு தெளியும். மறுபடி ஒரு பூச்சு. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால் மறுநாள் வெடித்து உதிரும். கண்ணாடிப் பளபளப்பு விரல்முனைப் பகுதிக்கும் குதிகாலுக்கும் மட்டும். கால் மடங்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது, பத்து அடி நடந்ததும் விரிசல் விடும். இந்த வேலையை ராத்திரியே முடித்துவிட வேண்டும்.

ஓட்டப்பாதை:

உடம்பு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். தங்கைக்கும் இது அப்படியே பொருந்தும்.

எட்டு வாரம் போதும், ஆனால் எட்டாவது வாரத்து ஓட்டத்தை முதல் வாரத்தில் ஓடக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் தசைப் பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரத்தில் மொத்தம் ஓடிய தூரத்தைவிட அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். நுரையீரலும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் ஐந்தாறு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் நுண்முறிவு வருகிறது. அடையாளம்: கணைக்கால் எலும்பின் நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசை, சவ்வு இழுபறி. ஒரு விரல் நுனி அளவு இடத்தைத் தொட்டால் துள்ளுகிறது, ஓடாமல் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண்களுக்கு, அதுவும் உழைப்புக்கு ஈடாகச் சாப்பிடாமல் எடை குறைக்கப் பார்ப்பவர்களுக்கு, இந்த ஆபத்து அதிகம். மாதவிலக்கு தவறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு காட்டும் முன்னறிவிப்பு அது.

பூட்ஸை இப்போதே வாங்கி வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு நடைக்கு, என்று பழக்குங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும். உள்ளே மெல்லிய உறை, வெளியே தடித்த உறை என்று இரண்டு காலுறை போட்டால் உரசல் தோலுக்கு வராமல் இரண்டு துணிக்கும் நடுவில் போய்விடும். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் அந்தப் புண்ணுக்கு இயற்கைக் கட்டு.

பல இடங்களில் 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கு நடுவே ஒலிக்கு ஏற்ப மாறி மாறி ஓடும் தேர்வு வைக்கிறார்கள். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் கூடும். ஒலி வருமுன் கோட்டைத் தொட வேண்டும். மூச்சு மட்டும் அல்ல, திரும்பும் முறையும் பலரைத் தோற்கடிக்கிறது. அகல வளைவாகச் சுற்றித் திரும்பினால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மீட்டர் வீண். ஒரு காலைக் கோட்டில் குறுக்காக ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, அதே காலால் உந்தித் திரும்புங்கள். ஒரு முறை வலது கால், அடுத்த முறை இடது கால். முதல் நிமிடங்களில் ஒலியை முந்தி ஓடிக் காத்து நிற்பதும் வீண் செலவு.

தண்டால் எண்ணிக்கையில் மோசம்போகிறவர்கள் வீட்டில் அரைகுறையாக ஐம்பது எடுத்தவர்கள். மார்பு தாழ வேண்டிய அளவு தாழாததும், முழங்கை முழுக்க நிமிராததும், இடுப்பு தொங்கியதும் கணக்கில் வராது. சுத்தமாக இருபது எடுத்துப் பழகுங்கள்.

அடுத்தது உயிர் விஷயம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும், அதனால் முதல் சில நாள்கள்தான் மோசமானவை. கூட ஓடுபவர் தள்ளாடுகிறார், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், திடீரென்று எரிந்து விழுகிறார் என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல, வெப்பத்தாக்கு. உடனே நிறுத்தி, ஆள் அனுப்பி, ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும், தலையைத் தாங்கிப் பிடித்தபடி. தொட்டி இல்லாவிட்டால் நீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது. இதில் வரிசை மாறினால் உறுப்புகள் போய்விடும்.

தண்ணீரும் அளவோடுதான். மணிக்கு ஒரு லிட்டர் போதும், ஒன்றரையை எட்டவே கூடாது. பயத்தில் குடம் குடமாகக் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய் மயக்கமும் வலிப்பும் வரும். இன்னொன்று: கடுமையான பயிற்சிக்கோ தண்டனைக்கோ அடுத்த ஒன்றிரண்டு நாளில் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காப்பித்தூள் நிறத்தில் போனால் தசை கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காலை வரை பொறுக்கக் கூடாது.

புதுபூட்ஸ்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். காயத்தைச் சொன்னால் அடுத்த அணிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் மறைப்பதாகக் கேள்விப்பட்டோம். உண்மையில் சொல்வதுதான் நல்லதா?

ஓட்டப்பாதை:

சொல்வதுதான் நல்லது. நுண்முறிவை ஆரம்பத்தில் சொன்னால் பெரும்பாலும் சில வாரம் ஓய்வு. மறைத்து ஓடினால் எலும்பு முழுதாக ஒடியும், பிறகு மாதக் கணக்கு. போதாக்குறைக்கு, மறைத்தது தெரிந்ததும் அது மேலே சொன்ன நேர்மைக் கணக்கிலும் ஏறும்.

சாவிக்கொத்து:

சிறைக்கு வருகிறவருக்கான விதிகளை நான் எழுதுகிறேன். காவலர் பயிற்சியோடு பாதி ஒத்துப்போகும், மறுபாதி முற்றிலும் வேறு. வெளியே காவலர் ஒருவரைச் சில நிமிடம் பார்க்கிறார். சிறைக்காவலர் அதே நூறு பேரை ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் பார்க்கிறார், அவர்களும் இவரைப் பார்க்கிறார்கள். கையில் பெரும்பாலும் ஆயுதம் இருக்காது. கைதிகளோடு நேரடியாகப் பழகும் பணியாளர்கள், சிறப்புச் சூழல் தவிர, ஆயுதம் தாங்கக் கூடாது என்பதே உலகளாவிய நெறி. ஆகவே சாவி, எண்ணிக்கை, பேச்சு, இந்த மூன்றும்தான் உங்கள் கருவி.

சாவி: கொத்தின் வளையத்தைப் பற்றவைத்து மூடியிருப்பார்கள், ஒரு சாவியையும் தனியே கழற்ற முடியாது. வளையத்தில் ஒரு தகடு இருக்கும், அதில் கொத்தின் எண்ணும் சாவிகளின் எண்ணிக்கையும் பொறித்திருக்கும். வாங்கும்போது தகட்டைப் படித்து, சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணி, அதன்பின் கையெழுத்து. "பன்னிரண்டு இருக்கும், போட்டுடு" என்று மூத்தவர் சொன்னாலும் எண்ணாமல் போடக் கூடாது. பதினொன்று இருந்தால் அந்த நிமிடம் முதல் காணாமல் போனது உங்கள் சாவி. இடுப்பில் தொங்கவிடக் கூடாது, பையிலோ உறையிலோ மூடி வைக்க வேண்டும். பல்வரிசையை உற்றுப் பார்த்து நினைவில் வைத்து நகல் செய்யக் கூடியவர்கள் உள்ளே உண்டு. சக ஊழியரிடம் தூக்கிப் போடக் கூடாது, கையிலிருந்து கைக்குத்தான். சாவி பூட்டுக்குள் உடைந்தால் எல்லாத் துண்டும் ஒப்படைக்கப்பட வேண்டும். தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும். அரை மணி தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த அரை மணியில் ஒரு சோப்புக்கட்டி போதும், அச்சு எடுத்துவிடலாம்.

எண்ணிக்கை: தோலையும் அசைவையும் பார்த்த பிறகே ஒரு ஆளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். போர்வைக்கு அடியில் உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது ஆள் அல்ல, போர்வை. விளக்கை முகத்துக்கு நேரே அடிக்காமல் மார்பின் மேல் அடித்து மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இது தப்பித்தலைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல. இரவில் இறந்துபோனவரை உயிரோடு இருப்பதாக மூன்று முறை எண்ணிவைத்த பதிவேடு, விசாரணையில் அந்தக் காவலருக்கு எதிராகவே பேசும். எண்ணும்போது யாரிடமும் பேசக் கூடாது. யாராவது இடையில் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ண வேண்டும். எண் பொருந்தவில்லை என்றால் மறுபடி எண்ணுவது ஒன்றே வழி. எதிர்பார்க்கும் எண்ணை முதலில் தெரிந்துகொண்டு போனால் கண் அந்த எண்ணையே கண்டுபிடிக்கும். அதனால் எண்ணி முடித்தபின் பட்டியலைப் பாருங்கள்.

கதவு: இரட்டைக் கதவுப் பாதையில் ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்க வேண்டும். பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்து வைத்திருக்கும் நாகரிகத்தைப் பயிற்சியிலேயே விட்டுவிடுங்கள். பூட்டியபின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது உடம்பில் ஊற வேண்டும். அறைக் கதவில் உணவு கொடுக்கும் திறப்பு முன்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், கையை உள்ளே நீட்டாதீர்கள்.

சொந்தப் பொருள்: கைப்பேசி, சிகரெட், மெல்லும் பசை, தனிப்பட்ட மருந்து, எதுவும் உள்ளே வரக் கூடாது. மெல்லும் பசை ஏன் என்று கேட்பார்கள். பூட்டின் துளையை அடைக்கவும், தாழ்ப்பாள் விழும் குழியை நிரப்பவும், அச்சு எடுக்கவும் அது போதும்.

பேச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். வளைத்துப்போடுவது பெரிய லஞ்சத்தோடு தொடங்காது. "சார், ஒரு பேனா தரீங்களா?" என்று தொடங்கும். விதிப்படி கொடுக்கக் கூடாத பேனா. கொடுத்தால் மறுவாரம், "இந்தக் கடிதத்தை வெளியே போட்டுடுங்க." மறுத்தால், "பேனா கொடுத்தது மேலே தெரிஞ்சா என்ன ஆகும் சார்?" ஏணியின் முதல் படி இதுதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் சக ஊழியரிடம் பேசியதைக் காதில் வாங்கி, மறுநாள் அக்கறையாக விசாரிப்பதும் அதே ஏணி. ஏற்கெனவே ஒரு படி ஏறிவிட்டீர்கள் என்றால் அன்றே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பேனா கொடுத்ததற்குக் கிடைப்பது கண்டிப்பு. மிரட்டலுக்குப் பணிந்து கைப்பேசி கொண்டுபோய்க் கொடுத்தவர் அதே கம்பிகளுக்கு உள்பக்கம் நிற்க நேரும்.

அதற்காக முறைத்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. பெயர் சொல்லி, மரியாதையோடு கூப்பிடுங்கள். பட்டப்பெயர் வேண்டாம். "பார்க்கலாம்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், உள்ளே இருப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். முடியும், முடியாது, எப்போது சொல்வேன், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள். நியாயமாக நடத்துபவர் என்று பெயர் எடுத்தவருக்குத்தான் கலவரம் வருவதற்கு முன்னால் யாராவது வந்து காதில் போடுவார்கள்.

உடற்சோதனை பற்றியும் விதிப்புத்தகத்தில் கவனமாகப் படியுங்கள். ஆடை களைந்து சோதிப்பது மிக அவசியமானபோது மட்டும், தனியிடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்றவரால். உடலின் உட்பகுதிச் சோதனையைத் தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர்தான் செய்ய வேண்டும், அதுவும் அந்தக் கைதிக்குச் சிகிச்சை அளிக்கும் முதன்மைப் பொறுப்பில் இருப்பவர் செய்யக் கூடாது. அது முடியாவிட்டால், குறைந்தபட்சம் அதற்கென மருத்துவப் பணியாளரிடம் முறையாகப் பயின்ற ஊழியராவது வேண்டும்.

இலக்குத்தாள்:

துப்பாக்கிச் சுடுதளமும் கைவிலங்கும் என் பங்கு.

சுடுதளத்தில் நான்கு விதி. எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியதாகவே கருதப்படும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாய் படக் கூடாது. இலக்கின்மேல் குறி பதியும்வரை விரல் விசையில் இருக்கக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடக் கூடாது. நான்கையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். தவறுவது சுடும்போது அல்ல, சுட்டு முடித்து நிம்மதியாகும்போது. பின்னால் யாரோ கூப்பிட, கழுத்தோடு சேர்த்துத் தோளும் கையும் துப்பாக்கியும் திரும்பிவிடும். எது கோளாறானாலும் குழல்வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும், மற்ற கையை உயர்த்திக் காத்திருங்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்காமல் குழலை இலக்குப் பக்கம் வைத்தபடி 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கலாம். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'பொக்' என்று மெலிதாகக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்தது குழலைப் பிளந்துவிடும். கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள், விழட்டும். பிடிக்கப் பாயும் விரல்தான் விசையில் மாட்டும். "நிறுத்து" என்று சொல்லும் உரிமை தளத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு, பயிற்சிக்கு வந்த கடைசி ஆள் உட்பட. முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.

கைவிலங்கு: முதலில் கட்டுப்பாடு, பிறகு விலங்கு. போராடிக்கொண்டிருக்கும் கையில் மாட்டப்போனால் ஒரு வளையம் மட்டும் பூட்டிய விலங்கு அவர் கையில் ஆயுதமாகிவிடும். கைகள் முதுகுப்பக்கம், உள்ளங்கைகள் வெளிநோக்கி. மணிக்கட்டு எலும்பு முடிச்சுக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, மாட்டி, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி பாருங்கள். அதன்பின் இரண்டாம் பூட்டு. தேர்வில் அதிகம் பேர் மதிப்பெண் இழப்பது இந்த இரண்டாம் பூட்டை மறந்துதான். அது இல்லாவிட்டால் வண்டியில் சாய்ந்து உட்காரும்போதே வளையம் மேலும் இறுகும், கட்டைவிரல் புறப்பகுதிக்குப் போகும் நரம்பு நசுங்கி மரத்துப்போகும், சில நேரம் மாதக் கணக்கில்.

விலங்கு மாட்டியதும் ஆளைக் குப்புறக் கிடத்தி வைக்காதீர்கள். முதுகில் முட்டி, மேலே இரண்டு பேர் எடை, மூச்சு முட்ட ஓடிவந்த உடம்பு, மூன்றும் சேர்ந்தால் நெஞ்சுக்கூடு விரிய முடியாமல் இறந்துபோவார்கள். பக்கவாட்டில் புரட்டுங்கள் அல்லது உட்கார வையுங்கள். "பேசுகிறான், அப்படியென்றால் மூச்சு விடுகிறான்" என்று இனியும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசத் தேவையான காற்றும் உயிர் வாழத் தேவையான காற்றும் ஒரே அளவு அல்ல. துள்ளிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால் அடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாமல் முதலில் மூச்சைப் பாருங்கள்.

சோதனையில் ஒரு கத்தி கிடைத்தால் வேலை முடிந்ததாக நினைக்கிறது மனம். ஒன்று இருந்த இடத்தில் இரண்டாவதும் இருக்கும் என்றே தொடர வேண்டும்.

பெப்பர் ஸ்ப்ரே பயிற்சி இருந்தால், கண் ஒட்டுவில்லையைக் கழற்றிவிட்டுப் போங்கள், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள். தேய்க்காமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஏராளமான குளிர்ந்த நீர். அன்று குளிக்கும்போது தலையை முன்னால் குனிந்து அலசுங்கள், நிமிர்ந்து நின்றால் முடியில் இருப்பது உடம்பு முழுக்க இறங்கும்.

ஒரேஅணி:

எல்லாம் சரி. ஆனால் அணி ஒற்றுமை என்று ஒன்று உண்டு. கூட இருப்பவன் ஒரு நாள் தவறினால் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மேலே சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள்.

கறுப்புமை:

ஒரேஅணி, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கூட இருப்பவருடைய படுக்கையைச் சேர்ந்து மடிப்பது, சட்டப் பாடத்தை ராத்திரி உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, ஓட்டத்தில் பின்தங்கினால் கூட ஓடுவது, எல்லாம் ஒற்றுமை. அவர் கைதியை அடித்ததைப் பார்த்துவிட்டு "பார்க்கவில்லை" என்று எழுதுவது உடந்தை. அந்த இடத்தில் அவரைத் தடுத்துப் பின்னால் இழுத்திருந்தால் அவர் வேலையும் மிஞ்சியிருக்கும்.

மறுக்கும் உரிமை பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பயிற்றுநர் சத்தம் போடுவதும், திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதும், உங்களுக்குப் பிடிக்காத வேலையைக் கொடுப்பதும் சட்டத்துக்குள் இருப்பவை. செய்துவிட்டுப் பிறகு முறைப்படி மேல்முறையீடு செய்யுங்கள். அடிப்பது, தண்ணீர் மறுப்பது, மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது, அவமானப்படுத்தப் பாலியல் பேச்சு பேசுவது ஆகியவை பயிற்சி அல்ல. நாள், நேரம், இடம், சாட்சி எழுதிவைத்துப் புகார் கொடுக்கலாம்.

பணியில் இது இன்னும் தெளிவு. 1979 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சட்ட அமலாக்க அலுவலர் நடத்தை நெறியின் 5-ஆம் பிரிவு, சித்திரவதை செய்யவோ தூண்டவோ பொறுத்துக்கொள்ளவோ கூடாது, மேலதிகாரி ஆணையைச் சாக்காகக் காட்ட முடியாது என்கிறது. 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட வலிமைப் பயன்பாட்டுக் கோட்பாடுகள், உயிர் போகவோ பலத்த காயம் ஏற்படவோ காரணமான ஆணை வெளிப்படையாகச் சட்டவிரோதம் என்று தெரிந்தும், மறுக்க நியாயமான வாய்ப்பு இருந்தும் நிறைவேற்றியவருக்கு "ஆணையிட்டார்கள்" என்பது பாதுகாப்பாகாது என்கின்றன. ஆணையிட்ட மேலதிகாரிக்கும் பொறுப்பு உண்டு. 2015-இல் ஏற்கப்பட்ட நெல்சன் மண்டேலா விதிகள் சிறைக்கானவை. 82-ஆம் விதிப்படி தற்காப்பு, தப்பியோட முயற்சி, சட்டபூர்வ ஆணைக்கு உடல்ரீதியான எதிர்ப்பு, இவற்றுக்கு மட்டுமே வலிமை. மிக அவசியமான அளவுக்கு மேல் கூடாது, உடனே சிறைத் தலைவருக்கு அறிக்கை தர வேண்டும். 75-ஆம் விதி, எழுத்திலும் செயல்முறையிலும் தேர்வு பெற்றவர்தான் பணிக்குள் வரலாம் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றோடு எப்படிப் பொருந்துகிறது என்பது வகுப்பில் வரும், வரி பிசகாமல் படியுங்கள்.

"உடனே அறிக்கை" என்பதில்தான் பலர் விழுகிறார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர்கூட அறிக்கை எழுதத் தெரியாமல் தேர்வில் தவறுகிறார். ஒரு மாதிரி பாருங்கள்:

"கைதி சந்தேகத்துக்கிடமாக நடந்து, ஆக்ரோஷமாகி, தேவையான குறைந்தபட்ச வலிமையால் கட்டுப்படுத்தப்பட்டார்."

இதில் ஒரு உண்மையும் இல்லை. யார் பார்த்தது, என்ன செய்தார், யார் எதைப் பிடித்தது? இப்படி இருக்க வேண்டும்:

"14.20 மணிக்கு இரண்டாம் தொகுதியின் படிக்கட்டில் நின்றேன். கைதி வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தார். கையைக் காட்டுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் என்னை நோக்கி இரண்டு எட்டு வந்து இடது கையால் என் மார்பில் தள்ளினார். அவருடைய இடது மேற்கையை இரு கைகளாலும் பிடித்துச் சுவரோரம் கொண்டு சென்றேன். 14.21-க்கு விலங்கு மாட்டி இரண்டாம் பூட்டுப் போட்டேன். மணிக்கட்டு இடைவெளியை விரலால் பார்த்தேன். 14.30-க்கு செவிலியர் அவரைப் பரிசோதித்தார்."

தன்மை இடத்தில், நடந்த வரிசையில், 24 மணி நேரக் கணக்கில், கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். அடுத்தவர் அறிக்கையைப் பார்த்து எழுதாதீர்கள். இரண்டு அறிக்கையில் ஒரே வாக்கியம் வந்தால் இரண்டும் செல்லாக்காசு. பிழை வந்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. வெள்ளை மை தடவினால் அடியில் என்ன இருந்தது என்ற கேள்வி நீதிமன்றம்வரை வரும்.

இந்த எட்டு வாரமும் தினம் ராத்திரி அன்று கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியை இப்படிப் பத்து வரியில் எழுதிப் பழகுங்கள். தங்கையும் எழுதட்டும். பிறகு தாளை மாற்றிக்கொண்டு, "வேகமாக", "கோபமாக", "சந்தேகமாக" என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, "எதைப் பார்த்து இப்படி எழுதினாய்?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள்.